முல்லை பாலையாதல்: புதுக்கோட்டை மாவட்ட வறள் பசுமைமாறாக் காடுகளின் வளர்ச்சியும் வறட்சித் தாங்குதலும்

ஆய்வுச் சுருக்கம்

முல்லையும் குறிஞ்சியும் கடுவெயிலால் இயல்பு திரிந்து பாலையின் தோற்றம் பெறும் என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதை தரும் செய்தி. அக்காதை விரிக்கும் வழியில் அமைந்த கொடும்பாளூர் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டத்தின் செம்புறை நிலத்தில் எஞ்சியுள்ள வறள் பசுமைமாறாக் காடுகள் வளமற்ற மண்ணில் எவ்வாறு வளர்கின்றன, நீண்ட வறட்சியை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. இக்காடுகளின் மெதுவான வளர்ச்சி குறைபாடன்று. அதுவே வறட்சியைத் தாங்குவதற்கு அவை கொடுக்கும் விலை. எனவே வெயில் மட்டும் இக்காட்டைப் பாலையாக்குவதில்லை. வெயிலோடு மனிதர் செய்யும் அழிவும் கூடும்போதே அது நிகழ்கின்றது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: முல்லை, பாலை, புதுக்கோட்டை, வறள் பசுமைமாறாக் காடு, செம்புறை மண், காயா, குருந்து, உலக்கைப்பாலை, கோயிற்காடு, தைலமரம்.

முன்னுரை

தொல்காப்பியம் நிலங்களை நான்காகப் பகுத்துக் காட்டுகின்றது. பாலைக்குத் தனி நிலம் கூறாது, அதனை நடுவுநிலைத் திணையாக வைத்து, வேனிலையும் நண்பகலையும் அதன் பொழுதுகளாக வகுக்கின்றது. தனி நிலமில்லாத பாலை எங்ஙனம் தோன்றுகின்றது என்ற வினாவிற்குச் சிலப்பதிகாரம் விடை தருகின்றது. மதுரைக்குச் செல்லும் வழியை வினவிய கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் கூறும் மறுமொழியில், கதிரவனின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் நல்லியல்பு இழந்து பாலையாக மாறும் செய்தி இடம்பெறுகின்றது. அம்மாற்றத்திற்கு, அரசனும் அவன் வினைசெய்வோரும் நெறி கோடியதால் முறைமை இழந்த நாட்டை இளங்கோவடிகள் உவமையாக்குகின்றார்.

அதே மறுமொழியில், கொடும்பை நெடுங்குளத்தை அடைந்த பின் வழி மூன்றாகப் பிரியும் என்றும் மறையவன் கூறுகின்றான். கொடும்பை என்பது புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில் உள்ள கொடும்பாளூர் என்பது அறிஞர் கொள்கை. ஆகவே, முல்லை பாலையாகும் என்ற கருத்தையும் அக்கருத்து சொல்லப்பட்ட வழியின் நிலத்தையும் சேர்த்து ஆராய்வதற்கு இம்மாவட்டம் பொருத்தமான களமாகின்றது.

திணைக் கோட்பாட்டை இலக்கிய மரபாக ஆராய்ந்த நூல்கள் பல உள்ளன. அக்கோட்பாடு சுட்டும் மரங்கள் இன்றும் நிற்கும் காட்டின் வாழ்வியலை அறிந்து அதனை நோக்கும் முயற்சி குறைவு. இக்கட்டுரை அவ்வகையில் அமைகின்றது.

நிலமும் மழையும்

1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த புதுக்கோட்டைத் தனியரசு, பின்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1974 சனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் நடுவே ஓடும் வெள்ளாறு பழைய நாட்டுப் பிரிவுகளுக்கு எல்லையாக இருந்தது. ஆற்றின் வடபால் கோனாடு எனவும் தென்பால் கானாடு எனவும் வழங்கின. கானாடு என்ற பெயரைக் ‘கான்’ என்னும் சொல்லோடு பொருத்திக் காடு நிறைந்த நாடு எனப் பொருள் கொள்வது உண்டு. வடகாடு போன்ற ஊர்ப்பெயர்களும் இந்நிலத்தின் பழைய தோற்றத்தை நினைவூட்டுகின்றன.

மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். இதன் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கின்றது. சனவரி முதல் நிலம் காயத் தொடங்கும். கோடையில் இடியோடு பெய்யும் மழையும் தென்மேற்குப் பருவ மாதங்களில் மாலை நேரத்தில் பெய்யும் மழையும் இடையிடையே நிலத்தை நனைக்கும். ஆயின் அவை எப்பொழுது பெய்யும் என்பதற்கு உறுதியில்லை. பருவமழையே பொய்க்கும் ஆண்டுகளும் உண்டு. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்தின் மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குட்பட்டவையாக அறிவிக்கப்பெற்றன.

மண்ணும் வளமுடையதன்று. மாவட்டத்தின் பல பகுதிகளில் செம்மண்ணும், செம்புறைக்கல்லும் அதன் சிதைவாகிய சரளையும் பரவியுள்ளன. நெடுங்கால மழையும் வெயிலும் பாறையிலிருந்து சுண்ணம் முதலிய சத்துகளையும் மணற்சத்தையும் கரைத்து நீக்க, எஞ்சிய இரும்பும் அலுமினியமும் இறுகியமைந்ததே செம்புறை. இதன் செந்நிறம் இரும்பால் வந்தது. இவ்விரும்பும் அலுமினியமும் மண்ணிலுள்ள மணிச்சத்தைப் பிணித்துக்கொள்வதால், மண்ணில் சத்து இருந்தும் வேருக்கு எளிதில் எட்டுவதில்லை. தழைச்சத்தும் மக்கும் குறைவு. சரளை நிலம் மழைநீரை விரைவாக உள்வாங்கும்; மேல்மண்ணில் நெடுநாள் தேக்கி வைக்காது.

காடும் அதன் மரங்களும்

மழை குறைந்த, மண் வளமற்ற இடத்தில் இலையுதிர்க் காடோ முட்புதரோ இருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. இங்கோ ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும் காடு அமைந்துள்ளது. சாம்பியன், சேத் ஆகிய இருவரும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் இது வெப்பமண்டல வறள் பசுமைமாறாக் காடு எனத் தனி வகையாக வைக்கப்பெற்றது. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய சமவெளியிலும் இலங்கையின் உலர் மண்டலத்திலும் இக்காடு காணப்படுகின்றது. மரங்கள் பெரும்பாலும் 9 முதல் 12 மீட்டர் உயரமே வளரும். அடிமரம் குட்டையாக இருக்கும். தடித்த சிறிய இலைகள் நெருங்கி ஒரே கூரைபோல் மூடும். 1955இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த பிளாஸ்கோ, லெக்ரி, மெஹர்-ஹோம்ஜி ஆகியோர் இவ்வகைக் காட்டின் தாவரங்களையும் தட்பவெப்பத்தையும் ஆராய்ந்தனர். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ந. பார்த்தசாரதியும் அவர்தம் ஆய்வு மாணவர்களும் புதுக்கோட்டை மாவட்டத்தின் அரையப்பட்டி, மரமடக்கி, சண்முகநாதபுரம் முதலிய இடங்களில் மரங்களைக் கணக்கெடுத்து, நிலத்திற்கு மேலுள்ள உயிர்ப்பொருளின் எடையையும் மதிப்பிட்டனர்.

இக்காட்டின் மரப்பட்டியல் தமிழ் ஆய்வாளர்க்குப் புதியதன்று. இவ்வகைக் காட்டுத் திட்டுகள் பலவற்றில் மிகுந்து காணப்படும் மெமிசைலான் அம்பெல்லேட்டம் என்னும் சிறுமரமே காயா என அறியப்படுவது; மக்கள் வழக்கில் காசான். முல்லைக்குரிய பூவாகவும், திருமாலின் நிறத்திற்கு உவமையாகவும் இலக்கியங்களில் பயின்றுவரும் நீலப்பூ இதனுடையது. அட்டலாண்ஷியா மோனோஃபில்லா என்பது குருந்து. காட்டு எலுமிச்சை எனவும் வழங்கும். மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறை, இம்மாவட்டத்து ஆவுடையார்கோயிலே. மணில்காரா ஹெக்சாண்ட்ரா என்பது உலக்கைப்பாலை. டிரைபீடஸ் செபியாரியா என்பது வீரை. இவற்றோடு நாவலும், இலையுதிர்க்கும் இயல்புடைய உசிலையும் பொரசும், முட்புதராகிய காரையும் கலந்து நிற்கும். பாலை, வீரை, முதிரை என்று வன்னித் தமிழர் எண்ணும் மரங்களில் முதிரை என்பது இங்குப் பொரசு எனப்படுவதே. கடலுக்கு இருபுறமும் ஒரே காடு, ஒரே மொழியின் பெயர்களோடு நிற்கின்றது எனலாம்.

பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரம் வெட்பாலையா, உலக்கைப்பாலையா, ஏழிலைப்பாலையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாய்வுக்குள் புகாமலே ஒன்றைக் குறிப்பிடலாம். உலக்கைப்பாலையைக் கொள்வோர் கருத்தின்படி, வறட்சியின் பெயராக நிற்கும் சொல், வறட்சியிலும் பச்சை மாறாத மரத்தின் பெயராகும்.

வளமற்ற மண்ணில் வளரும் முறை

ஒரு மரம் இலை விடுவதற்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். வளமான மண்ணில் அவை எளிதில் கிடைப்பதால், மெல்லிய அகன்ற இலைகளை விரைந்து விட்டு, விரைந்து வளர்ந்து, அவ்விலைகளை உதிர்த்துவிட மரத்தால் இயலும். செம்புறையில் ஒவ்வோர் இலையும் அரிய சத்தைச் செலவிட்டு உருவாவது. எனவே இங்குள்ள மரங்கள் இலையை நெடுநாள் வைத்துக்கொள்கின்றன. நெடுநாள் நிற்க வேண்டிய இலை தடித்ததாகவும், நார் மிக்கதாகவும், மெழுகுப் பூச்சுடையதாகவும் இருத்தல் வேண்டும். பூச்சிகளும் விலங்குகளும் எளிதில் தின்ன இயலாததாகவும் இருத்தல் வேண்டும். இத்தகைய இலை ஒரு நாளில் செய்யும் ஒளிச்சேர்க்கை, மெல்லிலை செய்வதினும் குறைவு. ஆயின் அதன் வாழ்நாள் முழுவதும் கூட்டிப் பார்த்தால் செலவிட்ட சத்துக்கு மிகுந்த பயனைத் தருகின்றது.

இலை முதிர்ந்து உதிருமுன் அதிலுள்ள சத்தின் ஒரு பகுதியை மரம் கிளைக்குத் திரும்ப ஈர்த்துக்கொள்ளும். எஞ்சியது சருகாகி மண்ணில் விழும். மேல்மண்ணில் பின்னிக் கிடக்கும் மெல்லிய வேர்களும் அவற்றோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகளும் சருகு மக்கும்போதே சத்தைப் பற்றிக்கொள்ளும். செம்புறை பிணித்து வைத்திருக்கும் மணிச்சத்தை எட்டுவதற்கும் பூஞ்சை இழைகள் உதவுகின்றன. ஆகவே இக்காட்டின் வளத்தில் பெரும்பகுதி மண்ணில் இல்லை. மரத்திலும் சருகிலும் அவற்றிடையே நிகழும் சுழற்சியிலும் உள்ளது. காட்டை வெட்டி விறகையும் சருகையும் அகற்றினால் வளமும் உடன் அகன்றுவிடும். காடு அழிந்த செம்புறை நிலம் விரைவில் கட்டாந்தரையாவதன் காரணம் இதுவே.

போர்னியோத் தீவில் இதற்கு ஓர் இணை உண்டு. அங்கு வளமற்ற வெண்மணலில் குட்டையான, தடித்த இலைகளையுடைய பசுமைமாறாக் காடு வளர்கின்றது. அதன் பெயர் கெராங்காஸ். நெல் விளையாத நிலம் என்பது இபான் மக்கள் மொழியில் அதன் பொருள். அங்கு மழை மிகுதி. இங்கு மழை குறைவு. இருந்தும் இலையின் அமைப்பு ஒத்திருப்பது, மண்ணின் வறுமை மட்டுமே ஒரு காட்டின் உருவத்தை எவ்வளவு தூரம் தீர்மானிக்கும் என்பதைப் புலப்படுத்துகின்றது.

வறட்சியை எதிர்கொள்ளும் முறை

வெப்பமண்டல மரங்கள் வறட்சியை இரு வழிகளில் எதிர்கொள்கின்றன. ஒன்று விலகுதல், மற்றொன்று தாங்குதல். முதுமலை போன்ற இலையுதிர்க் காடுகளில் தேக்கு முதலிய மரங்கள் கோடையில் இலை உதிர்த்து, நீர்ச்செலவை நிறுத்தி, மழைக்குக் காத்திருக்கும். இது விலகுதல். உலக்கைப்பாலையும் வீரையும் காயாவும் இலையோடு நின்று தாங்குகின்றன.

தாங்குதல் எவ்வாறு இயல்கின்றது? வேரிலிருந்து இலை வரை நுண்ணிய குழாய்களில் நீர் ஓர் அறுபடாத இழையாக மேலே இழுக்கப்படுகின்றது. இலைத்துளை வழியே நீர் ஆவியாகும்போது அவ்விழை இழுபடும். மண் காயக் காய இழுவிசை மிகும். ஓர் எல்லைக்கு மேல் இழை அறுந்து, குழாயில் காற்றுக் குமிழி நிறையும். அக்குழாய் அதன்பின் நீர் கடத்தாது. குழாய்கள் பலவும் இவ்வாறு அடைபட்டால் மரம் பட்டுப்போகும். அகன்ற குழாயுடைய மென்மரம் ஈரக் காலத்தில் மிகுதியான நீரைக் கடத்தி விரைந்து வளரும். ஆயின் வறட்சியில் எளிதில் அறுபடும். குறுகிய குழாயும் தடித்த சுவரும் உடைய வன்மரம் குறைந்த நீரையே கடத்தும், மெதுவாக வளரும், ஆயின் கடும் இழுவிசையையும் தாங்கும்.

இந்த உண்மை மரத்தின் பெயரிலேயே பதிவாகியுள்ளது. உலக்கை செய்தற்குரிய பாலை என்பதே உலக்கைப்பாலை. அதன் வைரம் காய்ந்த நிலையிலும் நீரில் மூழ்குமளவு கனமுடையது. உலக்கைக்கு வேண்டிய உறுதியும், வறட்சியில் நீரிழை அறுபடாமைக்கு வேண்டிய உறுதியும் மரக்கட்டையின் ஒரே அடர்த்தியோடு தொடர்புடையவை.

வளமற்ற மண் கேட்பதும் வறட்சி கேட்பதும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. சத்தைச் சேமிக்கத் தடித்துவிட்ட இலை நீரையும் சேமிக்கின்றது. வறட்சியைத் தாங்கும் வைரம் மெதுவாகவே உருவாகும். மண்ணும் மெதுவாகவே சத்தைத் தருகின்றது. இதனோடு மழையின் போக்கும் பொருந்துகின்றது. கோடையிலோ ஆடியிலோ எதிர்பாராது ஒரு மழை பெய்தால், இலையுதிர்த்த மரம் புதிதாகத் தளிர்விட்டபின்னரே அதனைப் பயன்படுத்த இயலும்; இலையோடு நிற்கும் மரம் மண் நனைந்தவுடன் பயன்படுத்தத் தொடங்கும். நம்பமுடியாத மழைக்கு எப்பொழுதும் ஆயத்தமாயிருத்தல் என இதனைக் கூறலாம். வேர்கள் செம்புறையின் பிளவுகள் வழியே ஆழத்தில் எஞ்சிய ஈரத்தையும் தேடிச் செல்கின்றன.

தாங்குதலுக்கும் எல்லை உண்டு. கிழக்கு அமேசானின் காசியுவானா என்னுமிடத்தில் ஒரு எக்டேர் மழைக்காட்டின் தரைக்கு மேல் தடுப்புகள் அமைத்து, மரங்களூடே விழும் மழையில் ஏறத்தாழப் பாதியை விலக்கும் சோதனை 2002 முதல் நடைபெற்றது. முதல் சில ஆண்டுகளில் காடு தாங்கியது. பின்னர் மிகப் பெரிய மரங்களே மிகுதியாக மடிந்தன. உணவுச் சேமிப்பு தீர்ந்ததால் அன்று, நீர்க்குழாய்கள் செயலிழந்ததாலேயே அவை மடிந்தன என 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. புதுக்கோட்டைக் காட்டின் குட்டைத்தன்மை இதன் ஒளியில் வேறு பொருள் பெறுகின்றது. உயர்ந்து வளராமை இக்காட்டின் பாதுகாப்பிலும் பங்கு கொள்கின்றது. ஆயினும், வேர் ஆழம் பெறாத நாற்றுகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. முதுமரங்கள் நிலைத்திருக்க, அவற்றின் வழித்தோன்றல்கள் தொடர் வறட்சியில் அற்றுப்போகலாம். அத்தகைய காடு பசுமையாகத் தோன்றும்போதே எதிர்காலம் இழந்ததாகும்.

கோயிற்காடும் தைலமரமும்

இக்காடு இன்று தொடர்ச்சியாக இல்லை. அய்யனார், கருப்பர், பிடாரி கோயில்களைச் சூழ்ந்த கோயிற்காடுகளிலும், சில காப்புக் காடுகளிலும் திட்டுத்திட்டாக எஞ்சியுள்ளது. சாமிக்காட்டில் சுள்ளி ஒடித்தலும் ஆகாது என்ற கட்டுப்பாடு, சருகும் சத்தும் வெளியேறாது காத்தது. வளமற்ற மண்ணின் காட்டுக்கு இதனினும் ஏற்ற மேலாண்மை வேறில்லை. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெரிய குதிரைச் சிலையால் பெயர்பெற்ற தெய்வம் பெருங்காரையடி மீண்ட அய்யனார். இக்காட்டின் எளிய முட்செடியாகிய காரை தெய்வப் பெயரில் இடம்பெற்றிருத்தல் கருதத்தக்கது.

காட்டை வளர்ச்சி வேகத்தால் மதிப்பிட்டோர்க்கு இக்குட்டை மரங்கள் பயனற்ற புதராகத் தோன்றின. காகிதக் கூழுக்காக விரைந்து வளரும் தைலமரம் இந்நிலத்திற்கு வந்தது. 1974இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் இம்மாவட்டத்தில் பரந்த நிலங்களில் தைலமரத் தோட்டங்களை வளர்த்துவந்துள்ளது. தைலமரமும் பசுமைமாறாததே, ஆயின் அதன் வாழ்முறை வேறு. சில ஆண்டுகளில் வெட்டப்படும். மறுதாம்பாகத் துளிர்த்து மீண்டும் வெட்டப்படும். ஒவ்வொரு வெட்டிலும் கட்டையோடு சத்தும் நிலத்தைவிட்டு நீங்குகின்றது. கால்டரும் அவர்தம் குழுவினரும் கருநாடகத்தில் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, ஆழமான மண்ணில் தைலமரம் அவ்வாண்டு பெய்த மழையினும் மிகுதியான நீரைச் செலவிட்டதைக் காட்டியது. வேர் ஆண்டுதோறும் புதிய ஆழத்தை எட்டி, அங்குச் சேர்ந்திருந்த பழைய ஈரத்தை எடுத்ததே அதற்குக் காரணமாகக் கூறப்பெற்றது. நிலத்தடி நீர் குறைவதாகவும், தோட்டங்களில் எழுப்பிய வரப்புகளால் கண்மாய்களுக்கு வரத்து நின்றதாகவும் புதுக்கோட்டை விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கும் தொடுத்தனர்.

தோட்டமாக்கப்படாத இடங்களிலும் மேய்ச்சலும் விறகுவெட்டும் தொடர்ந்தால் காடு படிப்படியாகச் சிதைகின்றது. மூடிய கூரை திறந்து, வெயில் தரையைத் தொடும், நாற்றுகள் கருகும், வெட்டுண்ட காயாவும் உசிலையும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துப் புதராகும், பின்னர்க் காரையும் சூரையும் கள்ளியும் மிகும், சீமைக்கருவேலம் புகும், இறுதியில் சரளை வெளிப்படும். இப்படிநிலை மாற்றமே கண்முன் நிகழும் பாலையாதல் எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படும்.

1. புதுக்கோட்டையின் வறள் பசுமைமாறாக் காடு, வளமற்ற மண்ணுக்கும் உறுதியற்ற மழைக்கும் ஒருசேர இயைந்தது. மெதுவான வளர்ச்சி, குட்டை உருவம், தடித்த இலை, கனத்த வைரம் ஆகிய நான்கும் ஒரே வாழ்முறையின் உறுப்புகள்.

2. முல்லைக்குரியனவாக இலக்கியம் போற்றும் காயாவும் குருந்தும் இக்காட்டின் மரங்களாதலின், முல்லை நிலம் என்றவுடன் புல்வெளியையும் மழைக்கால மலர்ச்சியையும் மட்டும் எண்ணுதல் போதாது. கோடையிலும் இலையோடு நிற்கும் அடர்காடும் முல்லையின் ஒரு முகமாகக் கொள்ளத்தக்கது.

3. வெயிலின் வெம்மை இக்காட்டை வருத்தும். அது மட்டுமே பாலையாக்கிவிடாது. சருகும் விறகும் நீங்கி, கூரை திறந்து, நாற்று அற்றபின் வரும் வெயிலே பாலையை உண்டாக்குகின்றது. இளங்கோவடிகள் வெம்மையை உரைக்குமிடத்து முறைகெட்ட ஆட்சியை உவமையாக்கியிருப்பது, இந்நிலத்தைப் பொறுத்தவரை உவமை என்ற அளவில் நின்றுவிடவில்லை.

4. உலக்கைப்பாலை, காசான், முதிரை போன்ற மரப்பெயர்கள் மரத்தின் இயல்பையும் பயனையும் நிலத்தொடர்பையும் சேர்த்து வைத்திருக்கும் ஆவணங்கள். கோயிற்காடுகள் அருகும்போது அவற்றைச் சுட்டும் சொற்களும் வழக்கிழக்கும். இப்பெயர்களை ஊர்தோறும் முதியோரிடம் கேட்டுத் தாவரவியல் பெயர்களோடு பொருத்தித் தொகுத்தல் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. புதுச்சேரியை அடுத்த செம்புறை மேட்டில் 1968இல் நிறுவப்பெற்ற ஆரோவில்லில் இவ்வகைக் காட்டின் மரங்கள் நட்டு வளர்க்கப்பெற்றுள்ளன. இக்காட்டை மீட்க இயலும் என்பதற்கு அது சான்று. மீட்பதற்கு வேண்டிய விதை, புதுக்கோட்டையில் அய்யனார் காவலில் நிற்கும் திட்டுகளில் இன்னும் உள்ளது.